ஜெபமாலைச் சிலுவை

நவம்பர் 18, செவ்வாய்

எங்கள் ஊர் நிரவியிலிருந்து அப்பாவைக் கொண்டுவந்து நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று நாளாகிறது.

"எழுபத்தெட்டு வயசுல எதிர்ப்பு சக்தி கொறஞ்சிடும்மா. ஒங்களுக்கு வெறும் சளி, இவருக்கு நெஞ்சுல எறங்கிடும். வீட்ல யாருக்காவது இருமல் இருந்துச்சா?" என்று காலையில் டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

எனக்குத்தான் இருந்தது. போன வாரம் குடும்ப ஜெபம் முடிந்ததும், ஜெபம் சொன்னவள் என்று நானே முதலில் ஜெபமாலைச் சிலுவையை உதட்டில் வைத்து முத்தி செய்து, துடைக்காமல் அப்பாவிடம் நீட்டினேன். காய்ச்சல்கூட இல்லையே என்ற அலட்சியம்.

இன்று சாயங்காலம் கட்டிலருகே ஜெபம் சொல்லி, சிலுவையை முதலில் அவரிடம் கொடுத்தேன். அப்பா வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீ மொதல்ல முத்தி பண்ணும்மா. எனக்கு இருமலா இருக்கு, ஒனக்கு ஒட்டிக்கப் போவுது."