உங்களை மன்னித்துவிட்டார்களாம்

அக்கா,

கைப்பையைத் திறந்தாலே நெய் வாசனை அடிக்கிறது. நேற்று வைப்புதாரர் சங்கத்தார் கிளைக்கு வந்து கவுண்டர் கவுண்டராக மைசூர்பாகு டப்பா வைத்துவிட்டுப் போனார்கள். என் டப்பாவை வேண்டாவெறுப்பாகப் பைக்குள் திணித்தேன், எடுத்துப் போடவும் மறந்துபோனேன். மாட்டிக்கொண்ட பணத்தில் கடைசித் தவணையும் போன வாரம் அவரவர் கணக்கில் வந்து விழுந்துவிட்டது. ஒரு பைசா பாக்கி இல்லை. அதற்குத்தான் இந்த இனிப்பு. உங்கள் நாற்காலியில் இப்போது இருக்கும் பெண் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவள். எதுவும் தெரியாமல் இரண்டு துண்டு தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். அவளைச் சொல்லி என்ன?

சங்கத் தலைவர் வேலாயுதம் நேரிலேயே வந்திருந்தார். ஜரிகைக் கடை வேலாயுதம்தான். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, முகமெல்லாம் சிரிப்பு. என் கவுண்டருக்கு முன்னால் நின்று, பத்துப் பேர் கேட்கும்படி சொன்னார்.

"அந்தக் கேஷியரம்மா இருந்திருந்தா அவங்களுக்கும் ஒரு டப்பா குடுத்திருப்போம்மா. இன்னாமோ நடந்துச்சி, போவுது. பணம்தான் வந்துடுச்சே. நாங்க அவங்கள மன்னிச்சிட்டோம்."

மன்னித்துவிட்டார்களாம். உங்களை. இவர்கள். எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது அக்கா. டப்பாவை அவர் மேலேயே எறிந்திருப்பேன். வரிசையில் ஒரு வயசான அம்மா பாஸ்புத்தகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். அதைப் பதிந்து கொடுத்தேன். இருந்த ஆத்திரத்தில் இரண்டு வரி ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிட்டது.

பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம். நான் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் இடிபட்டு வந்து இறங்குவதற்குள் நீங்கள் பிள்ளையார்பாளையத்திலிருந்து நடந்தே வந்து பெட்டியைத் திறந்து வைத்திருப்பீர்கள். கறி மீன் தொடாதவர் நீங்கள். நான் வெள்ளிக்கிழமையும் மீன் குழம்பு கொண்டுவருகிறவள். நான் வந்த புதிதில் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்தார்கள், எதற்கு என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நீங்கள் எழுந்து உங்கள் டப்பாவை எடுத்துவந்து என் டப்பாவை ஒட்டித் திறந்தீர்கள். அன்றைக்குப் பிறகு என் வாய்க்கு ஒரு கடிவாளம் உண்டென்றால் அது நீங்கள்தான். யாராவது எரிச்சலூட்டினால் நான் கிளம்புவதற்குள், "ஸ்டெல்லா, தண்ணி குடிமா" என்பீர்கள்.

ஆளுக்கு இத்தனை கணக்குப் பிடிக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் கழுத்தில் கத்தி வைத்த காலத்தில் நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் தெருக்களிலேயே வீடு வீடாகப் போனீர்கள். வீட்டுக்காரர் நெய்கிறவர், அதனால் எந்த வீட்டில் எந்நேரம் தறிச் சத்தம் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெண்கள் அரிசிப் பானைக்குள்ளும் புடவை மடிப்பிலும் வைத்திருந்த சிறுவாட்டை எடுத்துவந்து உங்கள் கையில் கொடுத்தார்கள். கணக்கு ஆரம்பித்தாயிற்று. பாஸ்புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் புருஷன் கண்ணில் படுமே? அதனால் அதெல்லாம் உங்கள் இழுப்பறைக்குள் வந்து சேர்ந்தது. பதினேழு புத்தகங்கள். பட்டு நூல் கழிவால் கட்டி வைத்திருந்தீர்கள். விதிப்படி தப்பு, நானே சொல்லியிருக்கிறேன். மேலாளரும் பார்த்தும் பாராததுபோல் இருந்தார். ஒருநாள் ஒரு ஆள் வந்து, என் பொண்டாட்டி பேரில் எவ்வளவு இருக்கிறது என்று உறுமினார். "அவங்க கணக்க அவங்க கிட்ட கேளுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு நோட்டு எண்ணப் போய்விட்டீர்கள்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை.

அன்றைக்குச் சாயங்காலம்தான் அறிவித்தார்கள். கடன்கள் திரும்பாததால் அரசாங்கம் நம் வங்கியின் கையைக் கட்டிவிட்டது, மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம், மீதி எப்போது என்று யாரும் சொல்ல முடியாது. நமக்கும் டிவியில்தான் தெரிந்தது, அதை ஊர் நம்பவே இல்லை. எனக்குப் போன் செய்து, "நம்ம பேங்குதானாமா அது?" என்று கேட்டீர்கள். உங்கள் சம்பளக் கணக்கும் அதில்தான், சேமிப்பும் அதில்தான். வாங்கியே தீர வேண்டும் என்று நம் தலையில் கட்டிய பங்குகள் ஒரே நாளில் வெறும் காகிதமாயின.

கடன் வாங்கி ஏப்பம் விட்டவர்கள் நாலைந்து பெரிய கம்பெனிக்காரர்கள். அள்ளிக் கொடுத்தவர்கள் தலைமை அலுவலகத்தின் மேல்மாடியில் இருந்தவர்கள். அவர்களில் எவனாவது காஞ்சிபுரம் வந்திருந்தால் கல்யாணப் புடவை எடுக்க வந்திருப்பான், அதுவும் காரிலிருந்து இறங்கி நேராகக் கடைக்குள். ஊருக்குத் தெரிந்தது நம் முகம் மட்டும்தான். திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் முதல் செருப்பு உங்கள் கவுண்டர் கண்ணாடியில் வந்து விழுந்தது. நாள் பூராவும் நின்றவர்களுக்கு ஒரே பதிலை ஒரே குரலில் சொன்னீர்கள். என்னைப் பார்த்து ஒருவன், இவளையெல்லாம் வேலைக்கு எடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று ஆரம்பித்து ஜாதிவரைக்கும் போனான். அந்த ஒரு தடவைதான் நீங்கள் எண்ணுவதை நிறுத்திவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து நின்றீர்கள்.

அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வேலாயுதம் தங்கச்சி கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் உள்ளே மாட்டிக்கொண்டது. நானாக இருந்தாலும் கத்தியிருப்பேன். ஆனால் யாரிடம் கத்துவது என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? உங்கள் வீட்டுக்காரர் தறிக்குப் பாவு நூலும் பட்டும் கொடுத்துக்கொண்டிருந்த முதலாளி, உன் பெண்டாட்டியிடம் போய்க் கேள் என்று நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் அந்த வீட்டில் தறி ஓடவில்லை. அந்த மனுஷன் உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை, வாசலில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோயிலில் விளக்கேற்றப் போனால், எங்கள் காசில் நெய்விளக்கு எரிகிறது பார் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அதன்பிறகு கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டீர்கள்.

இதற்கெல்லாம் மேல் அந்தப் பை. வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு நீங்கள் நோட்டுக்கட்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனதை எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் அறிவிப்பு. கேட்கவா வேண்டும்? கேஷியருக்கு முன்னாலேயே தெரியும், தன் பணத்தை மட்டும் சுருட்டிக்கொண்டாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு.

அது யாருடைய பணம் என்று நமக்கு மட்டும்தான் தெரியும். சரசுவுடையது. வேலாயுதத்தின் மனைவி சரசு. பெண்ணை நர்சிங் படிக்க அனுப்பமாட்டேன், பன்னிரண்டாவது போதும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். சரசு தன் அண்ணனைப் பேசவைத்து, மாமாவே ஃபீஸ் கட்டுகிறேன் என்கிறார் என்று சம்மதம் வாங்கினாள். கட்டியது மாமா இல்லை. இவள் பன்னிரண்டு வருஷம் பாவுக்கு நூல் இழைத்துச் சேர்த்த சிறுவாடு. முறைப்படி பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டாள், நீங்கள் எடுத்துக்கொண்டுபோய்க் கோயில் பிராகாரத்தில் வைத்துக் கொடுத்தீர்கள். எப்போதும் செய்கிற வேலைதான். நாள்தான் மோசமான நாள்.

கல்யாண மண்டபத்தில் சங்கத்தார் கூட்டம் போட்டு நம்மைக் கூப்பிட்டார்கள். மேலாளர் லீவு போட்டுவிட்டு ஓடிவிட்டார், நாம் இரண்டு பேரும்தான் போனோம். நீதானே போடச் சொன்னாய் என்று பெண்கள் கேட்டபோது, ஆமாம், நான் சொல்லித்தான் போட்டீர்கள், அதை மறுக்கமாட்டேன் என்றீர்கள். கூட்டம் கொஞ்சம் அடங்கியது. அப்போது வேலாயுதம் மைக்கைப் பிடித்தார்.

"வெள்ளிக்கிழம பையில எடுத்துக்கினு போனியே, அது யாரு பணம்?"

"ஒரு கணக்குதாரர் பணம்ண்ணா. அவங்க கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்குது."

"பேரச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் சரசு உட்கார்ந்திருந்தாள். தலை குனிந்தவள் நிமிரவே இல்லை. நான் வாயைத் திறந்தேன், நீங்கள் என் கால்மேல் உங்கள் காலை வைத்து அழுத்தினீர்கள். வலியில் உயிர் போயிற்று. வெளியே வந்து தெருவென்றும் பாராமல் உங்களிடம் கத்தினேன். உங்களுக்கென்ன பைத்தியமா, அவள் பெண் படிக்க நீங்கள் செருப்படி படவேண்டுமா என்று கேட்டேன்.

"நான் வாயத் தொறந்தா நாளைக்கே அந்தப் பொண்ண காலேஜ்லேந்து இட்டாந்துடுவாரு. எனக்கு ரெண்டு பேச்சு, அவ்ளோதானே ஸ்டெல்லா."

இரண்டு பேச்சா? மேலிடத்து விசாரணை சீட்டைப் பார்த்துவிட்டு உங்கள்மேல் குற்றம் இல்லை என்று எழுதிக் கொடுத்தது. அவங்க ஆளை அவங்களே விசாரித்தால் வேறெப்படி வரும் என்று அதையும் சிரித்துத் தள்ளினார்கள். எட்டு மாதம் இப்படியே போயிற்று. ஒருநாள் காலையில் குளித்துவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாவுக்கு வந்தவர்களே கொஞ்சம் பேர். அதிலும் பாதிப் பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மீதிப் பணம் எப்போது வரும் என்று கேட்டார்கள். பிணத்தைக்கூட அப்போது எடுக்கவில்லை அக்கா.

உங்கள் இழுப்பறைச் சாவி இப்போது என்னிடம். மாதாமாதம் எடுக்கவிட்ட பணத்தைப் பதினேழு பேருக்கும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சரசுவுக்கும் கொடுத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நேற்று வங்கி மூடியதும் நேராக வேலாயுதம் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வாங்கம்மா என்று மரியாதையாக நாற்காலி போட்டார். சுவரில் வெள்ளைச் சீருடையில் அவர் மகள் படம். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, மூணாவது வருஷம் படிக்கிறாள், எல்லாம் மச்சான் புண்ணியம், அப்படியொரு தங்கமான மனுஷன் என்றார். சரசு காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள், முகத்தில் ஈயாடவில்லை.

"காலைல மன்னிச்சிட்டோம்னு சொன்னீங்களே, அந்த வார்த்தைய வாபஸ் வாங்குங்க. அவங்க தப்பே பண்ணல" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. அப்படியென்றால் அது யாருடைய பணம், இப்போதாவது சொல்லுங்கள் என்றார். பேர் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சுவரிலிருந்த பெண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"அப்போ நீயும் கூட்டுதான்."

அரை நிமிஷத்தில் நீங்க போய் நீ ஆகிவிட்டது. எழுந்து வந்துவிட்டேன். தெருமுனை திரும்புவதற்குள் சரசு கடைக்குப் போகிறவளைப்போல் பையோடு ஓடிவந்தாள். இன்றைக்கே சொல்லிவிடட்டுமா அக்கா, அந்தம்மா முகம் கண்ணிலேயே நிற்கிறது என்று அழுதாள். நீங்களாக இருந்தால் அவள் கண்ணைத் துடைத்து, அதெல்லாம் வேண்டாம்மா, வீட்டுக்குப் போ என்றிருப்பீர்கள். எனக்கு அவள்மேல் அப்படியொன்றும் இரக்கம் வரவில்லை. மண்டபத்தில் குனிந்த அந்தத் தலையை நான் மறக்கவில்லை.

"பொண்ணு படிச்சி முடிக்கட்டும். அவ மொத சம்பளம் வாங்குற அன்னிக்கி நீயே உன் வீட்டுக்காரர் கிட்ட சொல்லணும். தெருவுல நாலு பேர் கேக்குற மாதிரி சொல்லணும். நீ சொல்லலன்னா நான் வந்து சொல்லுவேன்."

சரி என்று தலையாட்டினாள். மகள்மேல் சத்தியம் செய்யவும் வந்தாள், நான் வேண்டாம் என்றேன்.

உங்களுக்கு இதில் சம்மதம் இருக்காது, தெரியும். செத்தவளுக்கு எதற்கும்மா நல்ல பேர் என்பீர்கள். உங்களுக்கு வேண்டாமென்றால் போகட்டும், எனக்கு வேண்டும். வாசலில் பீடியோடு உட்கார்ந்திருக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கு வேண்டும். நீங்கள் யாருக்கும் கெடு வைக்கவில்லை. நான் வைத்துவிட்டேன்.

இன்று காலை டீக்கடையைத் தாண்டும்போது, கூட்டுக் களவாணி போகிறாள் பார் என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. அதற்குள் பரவிவிட்டது. திரும்பி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். கேட்கவில்லை, போய்ப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். ஒரு வருஷம்தானே அக்கா. அதுவரைக்கும் அந்தப் பேரை நான் சுமக்கிறேன்.

ஸ்டெல்லா