வசிக்கும் நாடு என்ற கட்டம்

3 ஜூன் 2025, செவ்வாய்

மூன்றாம் நாளாக மழை. டிக்கோயா பஸ் வரவில்லை என்று பால்காரர் சொன்னார். எனக்கு எங்கும் போக வேண்டியதில்லை. பிரஷர் மாத்திரை எடுத்தேன்.

நாலு மணிக்கு வழக்கம்போல் கணினி முன் உட்கார்ந்தேன். இந்தியாவில், கோத்தகிரியில், என் பழைய தோழன் பொன்னையாவும் உட்கார்ந்திருந்தான். ஆனால் கணினி விளையாட்டில் நாங்கள் இருவரும் கட்டும் ஊருக்குள் என்னால் நுழைய முடியவில்லை. விளையாட்டில் புதிதாக ஒரு பகுதி வந்திருக்கிறது. தொங்குபாலமும் கம்பிவண்டியும் கட்டலாம். பொன்னையா நேற்றே வாங்கி ஊரில் சேர்த்துவிட்டான். நானும் வாங்கினால்தான் இனி கதவு திறக்குமாம்.

கோத்தகிரியில் இருக்கும் அவனுக்கு விலை 999 இந்திய ரூபாய். எனக்கு முப்பது டொலர். நம் இலங்கைக் காசில் அவனுடையது மூவாயிரத்து ஐந்நூறு, என்னுடையது ஒன்பதாயிரம். அதே பாலம், அதே கம்பி. பாலம் என்ன லொறியில் ஏறியா வருகிறது, தூரத்துக்குத் தக்கபடி கூலி கேட்க? ஓய்வூதியக்காரனிடம் டொலர் கேட்கிறார்கள்.

எழுபத்துநாலு வயதில் விளையாட்டுக்காக இவ்வளவு கோபம் தேவையா? தெரியவில்லை. ஆனால் கோபம் வருகிறது.

4 ஜூன், புதன்

நாலு மணி. செய்ய ஒன்றும் இல்லை. அலமாரியைத் துடைத்தேன்.

5 ஜூன், வியாழன்

ஹட்டனுக்குப் போய் போன் திருத்தும் ஜீவராஜைப் பார்த்தேன். மகள் தக்ஷிகா கொழும்பிலிருந்து வாங்கி அனுப்பிய இந்தக் கணினிக்கு ஏதாவது வந்தால் அவன்தான் வைத்தியர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"ஐயா, இதெல்லாம் ஒரு வேலையா? வி.பி.என். ஒன்னு போட்டா முடிஞ்சிச்சு. ஒங்க லைன் இந்தியா வழியா சுத்திக்கிட்டுப் போகும். நீங்க அங்கதான் இருக்கீங்கன்னு கடைக்காரன் நெனச்சிக்குவான்."

"அது பொய் இல்லையா?"

"நீங்க எங்கங்கய்யா பொய் சொல்றீங்க? மெஷின்தானே சொல்லுது."

மெஷின் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கடைசியில் ஒரு படிவம் வந்தது. 'வசிக்கும் நாடு' என்று ஒரு கட்டம். ஜீவராஜ் இன்னொருவரின் போனைத் திறந்து வைத்திருந்தான். கையில் சின்னத் திருப்புளி. "நீங்களே அமுத்துங்கய்யா" என்றான்.

முப்பத்தோராண்டு தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தேன். நாடற்றுக் கிடந்த எத்தனை நூறு பேருக்குப் பிரஜாவுரிமைப் படிவம் நிரப்பிக் கொடுத்திருப்பேன். ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தைதான்: வேறு எங்கே தடுமாறினாலும் இந்தக் கட்டத்தில் உண்மையைச் சொல்லுங்கள்.

இந்தியா என்று அமுக்கினேன். பொன்னையா தன் வீட்டு விலாசத்தையும், அங்கே வாங்கிய ஒரு பரிசு அட்டையின் குறியீட்டையும் அனுப்பியிருந்தான். போனில் அவன் சிரிப்பு அடங்கவில்லை.

"வாடா தங்கவேலு, வா! அம்பது வருஷம் லேட்டா வந்து எறங்கியிருக்க. இங்க என்னைய இன்னும் சிலோன்காரன்னுதான் கூப்புடுறானுங்க. இனி தொணைக்கு நீயும் இரு."

நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வரவில்லை.

6 ஜூன், வெள்ளி

கடையின் விதிமுறைகளை அச்செடுத்துப் படித்தேன். இருபத்துமூன்று பக்கம். பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது: இருக்கும் நாட்டை மறைத்து வாங்கக்கூடாது, ஒரு நாட்டு அட்டையை வேறு நாட்டில் உள்ளவருக்குக் கொடுக்கக்கூடாது, மீறினால் இருவர் கணக்கும் மூடப்படும்.

இதை நேற்றுக் காலை படித்திருக்க வேண்டும்.

14 ஜூன், சனி

தொங்குபாலம் முடிந்தது. எட்டு நாளாக அதே வேலை. நான் அளவு பார்க்க, பொன்னையா தூண் நட்டான். இரண்டு முறை கோணலாக நட்டுவிட்டு என்னைக் குறை சொன்னான்.

எங்கள் ஊருக்கு இன்னும் பெயர் இல்லை. அவன் சொன்ன பெயர் எனக்குப் பிடிக்கவில்லை, நான் சொன்னது அவனுக்கு. அதனால் இரண்டு வருடமாக 'ஊர் 1' என்றே இருக்கிறது. நாலாயிரத்து முந்நூறு பேர் வசிக்கிறார்கள். வீடுகளை ஒட்டி ஒட்டி, தோட்டத் தொழிலாளர் லயம்போல் கட்டினால் செலவு பாதிதான் என்று விளையாட்டு அடிக்கடி ஆலோசனை சொல்லும். நாங்கள் ஒன்றுகூடக் கட்டவில்லை. எல்லாம் தனி வீடு, வாசலில் குழாய்.

பொன்னையா இடுப்பெலும்பு முறிந்து வீட்டோடு கிடக்கத் தொடங்கி இரண்டு வருடம். எனக்கும் வீட்டில் ஆள் இல்லை. நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை அந்த ஊரில்தான் இருவரும் நடமாடுகிறோம்.

17 ஜூன், செவ்வாய்

கணக்கைப் பூட்டிவிட்டார்கள்.

நாலு மணிக்குத் திறந்தேன், சிவப்புக் கட்டம். "அன்புள்ள பாவனையாளரே, உங்கள் வசிப்பிடம் குறித்துச் சந்தேகம் எழுந்துள்ளது." 'அன்புள்ள'வாம்! அந்த ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் நியாயம். ஏழு விளையாட்டு, ஆறு வருடத்தில் முழு விலைக்கு வாங்கியது, எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள். ஊர் 1 என் கணக்கின் கீழ் இருக்கிறது. பொன்னையாவாலும் நுழைய முடியவில்லை.

சில்லறைக் கடையில் சீனியை எடை குறைத்துச் சொல்லி எடுத்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். அதற்காகக் கடைக்காரன் என் வீட்டுக்கு வந்து போன வருடம் வாங்கிய அரிசிச் சாக்கையும் தூக்கிக்கொண்டு போவானா?

செஞ்சது தப்புதான். இல்லன்னு சொல்லல. ஆனா இது என்ன நியாயம்?

19 ஜூன், வியாழன்

ஜீவராஜிடம் போனேன். முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. "அடடா, புடிச்சிட்டானா? சில பேருக்கு அப்பிடித்தான் ஆகுது. புதுசா ஒரு அக்கவுண்ட் ஓபன் பண்ணிக்குவோம் ஐயா."

"சில பேருக்கு ஆகும்னு அன்னைக்குச் சொல்லலையே, தம்பி."

"சொன்னா நீங்க பயந்துக்குவீங்களே."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று படியிறங்கும்போதுதான் என்னையே கேட்டுக்கொண்டேன்.

கடையிடமிருந்து இன்னொரு கடிதம். வசிக்கும் நாட்டைப் பதினான்கு நாளுக்குள் ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டும்.

நிரூபி. இந்த வார்த்தையை என் வாழ்நாளில் எத்தனை தடவை கேட்டுவிட்டேன்!

21 ஜூன், சனி

ஆவணங்கள் இருக்கும் பச்சைக் கோப்பை எடுத்தேன். பிறப்புச் சான்று. அப்பாவின் தோட்டப் பதிவு. பதின்மூன்று வருடம் காத்திருந்து 1982இல் கையில் கிடைத்த பிரஜாவுரிமைச் சான்றிதழ். அதை வாங்கிய அன்று மாவட்டக் கச்சேரி அலுவலக வாசலில் நின்று மூன்று முறை படித்தேன். இப்போது ஒரு விளையாட்டுக் கடைக்காரனுக்கு அனுப்ப எடுக்கிறேன். கை கூசுகிறது.

கோப்பில் குறைவது ஒன்றுதான்: இன்றைய வசிப்பிடச் சான்று. செவ்வாய்க்கிழமை கிராம சேவகரிடம் போக வேண்டும்.

24 ஜூன், செவ்வாய்

கிராம சேவகர் அலுவலகத்தில் ஒன்றேகால் மணி நேரம். ஷாமிலா மிஸ் நல்ல பிள்ளை, எழுந்து நாற்காலி கொடுத்தார். படிவத்தில் 'எதற்காக' என்ற கட்டம் வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

"எதுக்குங்கய்யா? பேங்க்குக்கா, லைட் கனெக்ஷனுக்கா?"

"இல்லங்க மிஸ். ஒரு கடைக்கு."

"என்ன கடை?"

பின்னால் ஒன்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். குரலைத் தாழ்த்தி, "வீடியோ விளையாட்டு விக்கிற கடைங்க" என்றேன். மழைக்கு ஒதுங்கியிருந்த ஒருத்தர் சத்தமாகவே கேட்டார்: "பேரப்புள்ளைக்குங்களா?"

"இல்லை. எனக்கு."

யாரும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை. எல்லாரும் சிரித்தார்கள். ஷாமிலா மிஸ் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு, 'தனிப்பட்ட தேவை' என்று எழுதி முத்திரை குத்தினார். "ஜெயிச்சிட்டு வந்து சொல்லுங்கய்யா" என்றார்.

25 ஜூன், புதன்

எட்டு ஆவணம். வரிசை எண் போட்டு, முகப்புக் கடிதத்தோடு அனுப்பினேன். இனி என்ன சந்தேகம் இருக்க முடியும்?

தக்ஷிகாவிடம் சொன்னேன். கத்தினாள். "அப்பா, யாருன்னே தெரியாதவனுக்கு ஐடென்டிட்டி கார்டு, பொறந்த சேர்ட்டிபிகேட் எல்லாத்தையுமா அனுப்புவீங்க? ஒரு லைட் பில் போதுமேப்பா!"

எனக்கு அது தோன்றவே இல்லை. நாட்டை நிரூபி என்று யாராவது கேட்டால் எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு முழுக்கோப்பையும் தூக்கிக்கொண்டு ஓடத்தான் தெரியும்.

1 ஜூலை, செவ்வாய்

பதில் வந்தது. சொல்லுக்குச் சொல் எழுதி வைக்கிறேன்.

"உங்கள் ஆவணங்களை ஏற்றுக்கொண்டோம். நீங்கள் இலங்கையில் வசிப்பவர் என்பது ஐயமின்றி உறுதியாகிறது. ஆகவே இந்தியாவில் வசிப்பதாகக் கூறி நீங்கள் செய்த கொள்வனவு விதிமீறல் என்பதும் உறுதியாகிறது."

பதின்மூன்று வருடம் அரசாங்கம் நம்ப மறுத்ததை இவர்கள் ஆறே நாளில் ஐயமின்றி நம்பிவிட்டார்கள். எனக்கெதிராக!

நான் ஒரு முட்டாள். எட்டு ஆவணம், வரிசை எண் போட்டு! திருடன் தானே கைரேகையைப் பதித்துத் தபாலில் அனுப்பியதுபோல. உண்மையைக் காட்டினால் போதும் என்று நினைத்தேன். என்ன கேள்விக்கு என்ன உண்மை என்று ஒரு நிமிடம் நிதானிக்கவில்லை.

அது மட்டுமில்லை. கடைசிப் பத்தி: "பரிசு அட்டைக் குறியீட்டை உங்களுக்கு வழங்கியவரின் பெயரை ஏழு நாளுக்குள் தெரிவித்தால், உங்கள் கணக்கைத் திருப்பித் தருவது பற்றி மறுபரிசீலனை செய்வோம்."

அதற்கும் கீழே ஒரு சிரித்த முகம். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? ஒன்று கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கடிதத்தை எழுதிய ஆளின் வேலைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று இரண்டாக மாற்றினேன். என்ன மனிதன் நான்!

2 ஜூலை, புதன்

ஜீவராஜ் போனில்: "பேரச் சொல்லிருங்கய்யா. அவரு இந்தியாவுல இருந்து இந்தியாவுலதானே வாங்குனாரு. அவர என்ன பண்ணப்போறானுங்க?"

பதினேழாம் பக்கத்தை மறுபடி பார்த்தேன். இருவர் கணக்கும் மூடப்படும். பொன்னையா தன் கணக்கில் என்னோடு மட்டும் விளையாடவில்லை; காலையில் கோயம்புத்தூரில் இருக்கும் பேத்தியோடு விளையாடுகிறான். அந்தப் பிள்ளை அவனோடு பேசுவதே அதில்தான்.

பெயரைச் சொன்னால் ஊர் 1 கிடைக்கலாம். அப்படிக் கிடைத்த ஊருக்குள் நான் மட்டும் நடப்பேன்.

பொன்னையாவிடம் இந்தக் கேள்வி வந்ததைச் சொல்லவில்லை. சொன்னால், "போட்டுக் குடுடா, பாத்துக்குவோம்" என்பான்.

4 ஜூலை, வெள்ளி

மூன்று முறை எழுதினேன். முதல் பிரதி 'பணிவோடு' என்று தொடங்கியது. கிழித்தேன். இரண்டாவது பிரதியில் நான்கு இடத்தில் 'மன்னிக்கவும்'. அதையும் கிழித்தேன்.

அனுப்பியது இவ்வளவுதான்: "விதியை மீறியது நான். பெயரைத் தர மாட்டேன்."

டீ போட்டுச் சீனி போட மறந்து குடித்தேன்.

8 ஜூலை, செவ்வாய்

நிரந்தரமாக மூடிவிட்டார்கள். பாலம், ஸ்டேஷன், நாலாயிரத்து முந்நூறு பேர். நகல் கேட்டதற்கு, "விளையாட்டுகள் உங்களுக்குச் சொந்தமல்ல, பயன்படுத்தும் அனுமதி மட்டுமே வழங்கப்பட்டது" என்று பதில்.

பொத்தானில் 'வாங்கு' என்றுதானே எழுதியிருந்தது? 'அனுமதி கேள்' என்று எங்கே எழுதியிருந்தது? நான் ஒரு கட்டத்தில் பொய் சொன்னேன், தண்டனை வாங்கிக்கொண்டேன். ஏழு தடவை பொத்தானில் பொய் எழுதியவனை யார் தண்டிப்பது? இனி அந்தக் கடைக்கு ஒரு சதம் கொடுக்க மாட்டேன்.

9 ஜூலை, புதன்

பொன்னையா போனில் கத்தினான். "இன்னொரு தடவ வாங்குடா. காசு நான் தர்றேன். முழு வெல, ஒங்க ஊரு வெல."

"மாட்டேன்."

"ரோஷமா? ஒனக்கா? எப்ப இருந்துடா?"

போனை வைத்துவிட்டான்.

11 ஜூலை, வெள்ளி

அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை.

12 ஜூலை, சனி

நாலு மணிக்குப் பொன்னையா வீடியோவில் வந்தான். இரண்டு வருடமாக நாங்கள் பேசியதெல்லாம் தூண், தண்டவாளம், தண்ணீர்த்தொட்டி. அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. திரையில் ஊர்தான் இருக்கும். தலை முழுக்க வெளுத்துவிட்டது. இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அந்தத் தடுமாற்றத்தில், பெயர் கேட்டு வந்த கடிதத்தைப் பற்றி உளறிவிட்டேன்.

பிறகு கேட்டான்.

"எழுபத்துநாலுல நாங்க இந்தியாவுக்குப் போன அன்னைக்கு ஏன்டா ஸ்டேஷனுக்கு வரல?"

ஐம்பத்தோரு வருடத்தில் ஒரு முறைகூட அவன் கேட்டதில்லை.

"என் பிரஜாவுரிமை மனு அப்ப விசாரணையில இருந்துச்சு. ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வர்றவங்க பேரையும் எழுதிக்கிறாங்கன்னு பேசிக்கிட்டாங்க. பயந்துட்டேன்டா."

"அப்படியெல்லாம் யாரும் எழுதல."

"இப்பத் தெரியுது."

"கோச்சி அசையிற வரைக்கும் நான் உள்ள போய் ஒக்காரல. கதவுலயே நின்னேன். எங்கம்மா திட்டிக்கிட்டே இருந்துச்சு."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். "சும்மா இருடா" என்றான். பிறகு கொட்டகலை தாண்டும்போது மழை பிடித்தது, தலைமன்னாரில் மூன்று நாள் மணலில் கிடந்தது, கப்பலில் அவன் தங்கச்சி வாந்தி எடுத்தது எல்லாம் வரிசையாகச் சொன்னான். எதுவும் எனக்குத் தெரியாது.

ஆறு மணி தாண்டியது. அவனும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.