கப்பல் விருந்துக்கு மயில்கழுத்துப் புடவை

திருத்தணி
புதன் இரவு

அன்புள்ள அபிக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பள்ளிப்பட்டு அரசு மாமா மகன் வளவன் உங்கள் சிங்கப்பூருக்குத்தான் வேலைக்கு வருகிறான், காலையில் பார்சலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். போனில் சொன்னால் நடுவில் நீ அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும், அதனால் புடவை மடிப்புக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். தணிகை முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் கவலை. டாக்டரம்மா போன வாரமும் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்றார், தையல் போட்ட இடம் மழை வந்தால் மட்டும் லேசாக இழுக்கிறது. உன் நைனாவுக்கு அரக்கோணம் ரயில் ஷெட்டில் இப்போது பகல் ஷிப்ட், சாயங்காலம் வீட்டில்தான் இருக்கிறார், நான் குடத்தைத் தொட்டால் இன்னமும் ஓடிவந்து பிடுங்குகிறார்.

உன் வாய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆபீசில் எல்லோரையும் கப்பலில் கூட்டிக்கொண்டு போகிறார்கள், ஒருநாள் ராத்திரி பெரிய விருந்து, அதற்கென்று நல்ல உடை போட்டுக்கொண்டுதான் வரவேண்டுமாம், நான் தலைவலி என்று சொல்லி அறையிலேயே நூடுல்ஸ் சாப்பிட்டுப் படுத்துக்கொள்கிறேன் என்றாய். உடைதான் பிரச்சினை என்று நினைத்து நான் பாட்டுக்குக் கப்பல் விருந்து வீடியோவாகப் பார்த்து, பக்கத்து வீட்டு கவுசரிடம் கவுன் தைப்பாயா என்றுகூடக் கேட்டுவிட்டேன். கடைசியில்தான் விஷயத்தைச் சொன்னாய். உன் மொட்டைத் தலையைப் பார்த்து மேனேஜர் அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு ட்ரீட்மென்ட் எப்படிப் போகிறது என்று கேட்டதும், நீ என்ன சொல்வதென்று தெரியாமல் தலையாட்டிவிட்டதும், அன்றிலிருந்து எல்லோரும் உன்னிடம் மெதுவாகப் பேசுவதும், விருந்தில் அந்த அம்மாள் தன் பக்கத்திலேயே உனக்கு இடம் போட்டு வைத்திருப்பதும். நைனாவிடம் சொன்னதற்கு, “மொட்டன்னா இன்னா இப்போ? ஆடி மாசம் நம்ம ட்ரெயின்ல ஏறனா பாதிப்பேர் மொட்டதான், எவனாச்சும் திரும்பிப் பாக்குறானா?” என்றார். அது நம்ம ட்ரெயினுங்க, அந்தக் கப்பல்ல அவ ஒருத்திதானே மொட்டை என்றேன். அப்புறம் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

விக் வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டுமென்றால் வாங்கிக்கொள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், எனக்கும் வருத்தமில்லை. ஆனால் அதுவும் எவளோ ஒருத்தி ஏதோ ஒரு மலையில் தன் அம்மாவுக்கோ பிள்ளைக்கோ இறக்கிக் கொடுத்த முடியாக இருக்கலாம், அதை நினைத்தால் எனக்கு என்னவோ போல் இருக்கிறது. தலையை மூடித்தான் போகவேண்டும் என்று தோன்றினால், பார்சலில் ஒரு ஸ்கார்ப் வைத்திருக்கிறேன், கவுசர் கொடுத்தது. தினமும் கட்டுகிறவள், அவளுக்குத் தெரியாதா. “அக்கா, வழவழன்னு இருக்குற துணி வேணாம், கடல் காத்துக்கு வழுக்கிகினு போவும். உள்ள ஒரு காட்டன் குல்லா போட்டுகினு மேல கட்டச் சொல்லு, கப்பலே கவுந்தாலும் இது அவுறாது” என்றாள். கவிழ்வதைப் பற்றி ஏண்டி பேசுகிறாய் என்று அவளை நன்றாகத் திட்டினேன். “ஆங், கட்டுனாலும் அழகு, கட்டாட்டியும் அழகுன்னு அபிகிட்ட சொல்லு” என்று சிரித்துக்கொண்டே போனாள்.

புடவை என்னுடைய மயில்கழுத்து நிறப் பட்டு, நீ பத்தாவது படிக்கும்போதே கண் வைத்தது. மஞ்சள் மட்டும் கட்டாதே, மஞ்சளும் மொட்டையும் சேர்ந்தால் மலையிலிருந்து இறங்கி நேராகச் சாப்பிட வந்த மாதிரி இருக்கும். ரவிக்கையைக் கவுசர் முழங்கை வரை வைத்துத் தைத்திருக்கிறாள், உள்ளே ஏசி குளிருமாம். முந்தானைக்கு உள்பக்கமாக ஊக்குக் குத்து. உயரச் செருப்பு வேண்டாம், தரை ஆடும். காதுக்குப் பெரிய ஜிமிக்கி போடு, இத்தனை வருஷமும் அது உன் முடிக்குள் மறைந்தேதான் கிடந்தது. தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு போகாதே, அந்த விளக்கு வெளிச்சத்தில் மின்னும்.

இதெல்லாம் உடுத்துவதற்கு. எனக்குத் தூக்கம் வராதது வேறு ஒன்றுக்கு. என் கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு நாங்கள் இங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தபோது நீ அங்கிருந்தே வேண்டிக்கொண்டாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு வந்து மலைமேல் முடி இறக்கும் இடத்தில் நேராகப் போய் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரியும். இடுப்பு வரை இருந்த முடி. எனக்குப் பார்க்கவே முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் சந்தனம் பூச வந்தபோது உன் பின்மண்டையில் அந்தச் சின்ன மச்சத்தைப் பார்த்தேன். உனக்கு முதல் மொட்டை போட்ட அன்று பார்த்தது, அதற்கப்புறம் நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை, அங்கேயேதான் இருந்திருக்கிறது. எனக்கு இல்லை என்று ஆன நோயை உனக்கு இருப்பதாக அங்கே அத்தனை பேரும் நினைத்துக்கொண்டு இருக்கிறார்களே அபி. நீ வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அந்த அம்மாள் நல்ல மனுஷியாகத்தான் தெரிகிறார், உனக்காக வருத்தப்படுகிறவர் உனக்காகச் சந்தோஷமும் படுவார். பக்கத்தில் உட்கார்ந்து முதல் தட்டு வருவதற்குள் சொல்லிவிடு. நோய் எனக்கில்லை, என் அம்மாவுக்கு என்று பயந்தோம், இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அந்தச் சந்தோஷத்துக்குக் கொடுத்த முடி இது என்று சொல். அதைச் சொன்ன பிறகு ஸ்கார்ப் இருந்தாலும் சரி, கழற்றி மடியில் வைத்துக்கொண்டாலும் சரி.

வாந்தி மாத்திரையைக் கப்பல் ஏறும் முன்பே போட்டுக்கொள், விபூதிப் பொட்டலம் ரவிக்கைக்குள் இருக்கிறது, உதறும்போது கொட்டிவிடாதே. நைனா பக்கத்திலிருந்து தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொல்கிறார், புடவை கட்டி ஒரு போட்டோ கேட்கிறார், தலை தெரிகிற மாதிரி. நீ நூறு வருஷம் நிறைவாக இருக்க வேண்டும். பார்சல் கிடைத்ததும், விருந்துக்குப் போகிறாயா இல்லையா என்று சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
பிரபாவதி