தோட்டத்து லொறியும் ஒரு நன்றிக் கடிதமும்

ஜூன் 2, 1962. சனி.

விடியலிலிருந்தே மழை. பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து நாங்கள் வந்த ரயில் முக்கால் மணி தாமதம். அட்டனில் இறங்கியது நானும் குணமும் மட்டும். எங்கள் மாணவர் குழுவில் மற்ற மூவருக்கும் காய்ச்சலாம். இந்தக் காய்ச்சல் சனிக்கிழமை பார்த்துத்தான் வருகிறது.

மாரிமுத்து அண்ணன் தேயிலைப் பெட்டிகளை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, வழக்கம்போல் லொறியோடு காத்திருந்தார். தோட்டத்து லொறி, திரும்பும்போது வெறுமைதான். அவர் ஏற்றாவிட்டால் நோர்வூட் வரை பஸ், அப்புறம் ஐந்து மைல் ஏற்றம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள்.

தோட்டத்து மனேஜர் துரையின் பங்களா வளைவுக்கு முன்னால் இன்றும் நிறுத்தினார். “இங்கனயே எறங்கி நடந்துருங்க தம்பி. நான் முன்னால போயிர்றேன்.” குணம் யாழ்ப்பாணத்தான், ஏன் என்று அவனுக்குப் புரியாது. அட்டனில் பிறந்த எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை யோசிப்பதில்லை.

தோட்டத்துப் பள்ளியில் எங்கள் வகுப்புக்கு வந்தவர்கள் 31. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளைகள். பின்னக் கணக்கு பாதிப் பேருக்கு ஏறவில்லை.

வாங்க: சுண்ணக்கட்டி. சிலேட்டு 6. சப்பாத்துக்கு அடி.
எழுத: பள்ளி அறை தந்ததற்குத் துரைக்கு நன்றிக் கடிதம் (குணத்தின் யோசனை).

ஜூன் 5. செவ்வாய்.

கடிதம் முடிந்தது. மூன்று முறை திருத்தினேன். குணம் வாசித்துவிட்டு, “உம்மட இங்கிலிஷ் திறம் ஐசே. துரையே அகராதி தேடப்போறார்” என்றான். கொஞ்சம் தலைக்கனம்தான்.

மாரிமுத்து அண்ணனைப் பற்றிக் கடிதத்தில் தனியாக ஒரு பந்தி. மழையானாலும் வெயிலானாலும் ஒரு சனிக்கிழமை தவறாமல் எங்களை லொறியில் ஏற்றி வருபவர் என்று பெயர் போட்டு எழுதினேன். துரை காதில் நல்லபடி விழட்டும். தபாலில் சேர்த்தாயிற்று.

ஜூன் 9. சனி.

லொறி இல்லை. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு இ.போ.ச. பஸ். நோர்வூட்டிலிருந்து நடை. அட்டை கடித்து இரண்டு காலும் ரத்தம். பள்ளியில் ஒன்பது பேர்தான் மிச்சம்.

வகுப்பு முடிந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போனேன். மா. அண்ணனின் மனைவி செல்லம்மா அக்கா வாசலில் நின்றிருந்தார். கொழுந்து பறிக்கப் போகவில்லை.

“அவருக்குப் பத்துச்சீட்டு குடுத்து நிறுத்திட்டாங்க தம்பி. என் பேரையும் வெட்டிட்டாங்க. ஏழு நாள்ல காம்பராவ விடணுமாம்.”

புருஷனை வேலையிலிருந்து நிறுத்தினால் மனைவிக்கும் வேலை இல்லை, இருக்கிற அறையும் இல்லை. தோட்டத்து வழக்கம். சின்ன வயதிலிருந்து கேள்விப்பட்டதுதான்.

“வெளியாளுங்கள ஏத்துறாருன்னு யாரோ தொரைக்குக் காயிதம் போட்டாங்களாம். எந்தப் பாவியோ, நல்லாவே இருக்க மாட்டான்.”

அவர் தந்த சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 11. திங்கள்.

விரிவுரைக்குப் போகவில்லை. தோட்டத்து ஆபீசில் மூன்று மணி நேரம். துரை பார்க்க மறுத்துவிட்டார். பெரிய கிளாக்கர்தான் வராந்தாவுக்கு வந்து பேசினார்.

“ஒங்க காயிதத்த ரெண்டு தடவ வாசிச்சாரு. நல்ல இங்கிலீசுன்னு சொன்னாரு. அப்பறம் டிரைவரக் கூப்புடச் சொல்லிட்டாரு.”

“அவருக்கு முன்னமே தெரியாதா?”

“தெரியாம என்ன? வளைவுல எறங்கிப் போறத பங்களாவுலேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தாரு. எழுத்துல வந்துட்டா சும்மா விட முடியுங்களா?”

இறங்கி நடக்கச் சொன்னதற்கு அதுதான் அர்த்தம். துரை காணாததுபோல் இருப்பார், நாமும் காட்டாததுபோல் இருக்க வேண்டும். எனக்குத் தெரியாத பாஷையா இது? இங்கிலீஷ் மயக்கம் என் கண்ணை மறைத்துவிட்டது. என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

ஜூன் 16. சனி.

மழை விடவில்லை. வெளி லொறி கொண்டுவர அனுமதி இல்லை. எல்லாம் தலைச்சுமை. இரண்டு தகரப் பெட்டி, அம்மி, பாய், ஒரு கோழி. பெட்டி ஒன்றை நான் தூக்கினேன். ராகலைப் பக்கம் அக்காவின் தம்பி இருக்கிற தோட்டத்துக்குப் போகிறார்கள். விருந்தாளியாகச் சில நாள் இருக்கலாம். அப்புறம்?

அக்கா முன்னால் நடந்தார். இதுதான் நேரம் என்று மா. அண்ணனிடம் தொடங்கினேன். “அண்ணே, அந்தக் கடிதம்…”

“தெரியும் தம்பி. கிளாக்கர் ஐயா தமிழ்ல சொன்னாரு. என்னைப் பத்தி இவ்வளவு நல்லதா யாரும் எழுதுனதில்ல.” தலைச்சுமையைச் சரிசெய்துகொண்டார். “அவகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. ஒங்களத் தம்பியா நெனச்சிருக்கா.”

திட்டியிருக்கலாம். ஒரு அறை அறைந்திருந்தால்கூட நல்லது.

பஸ் புறப்படும்போது அக்கா ஜன்னல் வழியே கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கதான் வந்து நின்னீங்க தம்பி.”

ஜூன் 20. புதன்.

துரையிடமிருந்து பதில். தட்டச்சில் அரைப் பக்கம். மாணவர் சேவையைப் பாராட்டுகிறார். அனுமதியில்லாத பயணம் தோட்டத்துக்கு ஒவ்வாதாம். ஆகவே முறைப்படி அனுமதி தந்திருக்கிறார். இனிச் சனிக்கிழமைதோறும் தோட்டத்து லொறி எங்களை ஏற்றி, பள்ளி வாசலிலேயே இறக்கும்.

குணம் துள்ளினான். நடந்ததை எல்லாம் சொன்னேன். முகம் சுருங்கிப்போயிற்று. “நாங்கள் போகாமல் விட்டால் அந்தாளுக்கு வேலை திரும்பக் கிடைக்குமோ? பிள்ளையளும் பாவமெல்லோ” என்றான்.

இனி வரமாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 23. சனி.

மழைக்குச் சற்று ஓய்வு. ரயில் நேரத்துக்கு வந்தது. காய்ச்சல்காரர்கள் மூவரும் வந்திருந்தார்கள். லொறி ஸ்டேஷன் வாசலிலேயே நின்றது. புது டிரைவர் இளவயது, பேச்சு குறைவு. பின்பலகையைத் திறந்துவிட்டு, “ஏறுங்க சார்” என்றார். நாங்கள் உட்கார உலர்ந்த சாக்கு விரித்திருந்தது. ஒவ்வொருவராக ஏறினார்கள்.

நானும் ஏறினேன்.