தாய்மீனுக்குச் சூடைக் கொழுப்பு

மே 23, வெள்ளி

முன்னமே சொன்னேன். அக்காவின் மகள் தாட்சாயினி தண்ணீரூற்றுக் கிராமத்தில் என் வீட்டு வளவுக்குள் ஆறு கண்ணாடித் தொட்டிகளை இறக்கிய அன்றே, "பிள்ளை, சூடை மீன் தின்னுற சோடிதான் நல்ல குஞ்சு விடும்" என்றேன். இதைக் கண்டுபிடிக்க அவள் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்து மூன்று மாதம் ஆய்வு செய்கிறாள். எனக்கு மூன்று நிமிடம் போதும்.

தொட்டிக்கு ஒரு சோடி ஏஞ்சல் மீன். மூன்று சோடிக்கு அவித்து மசித்த சூடை உருண்டை. மற்ற மூன்றுக்கும் தேங்காய்ப் புண்ணாக்கு உருண்டை. தாய் தின்ற கொழுப்பு முட்டையின் மஞ்சட்கருவுக்குள் போய்விடுமாம். குஞ்சு வாய் திறந்து தின்னத் தொடங்கும்வரை அதுதான் அதற்குச் சாப்பாடு. கண்ணும் மூளையும் உருவாவதும் அந்தக் கொழுப்பில்தானாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் இதை அவளுடைய பேராசிரியர் சேருக்கே போனில் விளக்கினேன். மனுசன் வாயடைத்துப் போனார். சிக்னலும் கொஞ்சம் குறைவு.

இன்றைய முடிவு: சூடை தின்ற சோடிகளில் நூறு முட்டைக்கு எண்பது குஞ்சு நீந்தி எழும்பியிருக்கிறது. புண்ணாக்கில் முப்பத்தைந்து, அதிலும் பாதி கூனல்.

மே 26, திங்கள்

தாட்சாயினி பரீட்சைக்குப் போய்விட்டாள். அவள் வரும்வரை தீன் போடுவது என் பொறுப்பு. ஒரு கொப்பியைக் கையில் தந்தாள்.

"மாமா, என்ன போட்டனீங்களோ அதை மட்டும் எழுதுங்கோ. கூட்டிக் குறைச்சு எழுதிப்போடாதேங்கோ. இந்தக் கொப்பியை நம்பித்தான் என்ர பட்டம்."

என்னிடம் போய் இதைச் சொல்கிறாளே!

மே 27, செவ்வாய்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வருகிறது. என் மனிசி கமலாசனி விரதம் தொடங்கிவிட்டாள்.

"பொங்கல் முடியுமட்டும் இந்த வளவுக்க மீன், மச்சம் ஒண்டும் அவியாது."

"எனக்கில்லையப்பா, மீனுக்கு."

"மீனெண்டா? அம்மாளுக்கு முன்னால எல்லாரும் ஒண்டுதான்."

இதற்கு எந்தப் பேராசிரியரிடம் பதில் இருக்கிறது? சமாளித்தேன்.

யூன் 3

கொப்பி ஒழுங்காக நிரம்புகிறது. என் கையெழுத்தைப் பார்த்தால் எட்டாம் வகுப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

யூன் 11, புதன்

நாயாற்றிலிருந்து மீன் கொண்டுவரும் அல்பேர்ட்டை இன்று படலையில் மறித்துச் சூடை வாங்கினேன்.

"என்ன அண்ணை, பதினைஞ்சு நாளாக் கையைக் காட்டி அனுப்பினியள். உங்கட ஏஞ்சலுகளும் விரதமோ?"

விசயத்தைச் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று சிரித்தான்.

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா என்ர மனிசி ஸ்ரெல்லா எங்கட வீட்டில அவிச்சுத் தந்திருப்பாளே. எங்களுக்கென்ன விரதம்?"

இந்த யோசனை எனக்கும் வந்ததுதான். கொஞ்சம் பிந்தி வந்தது.

யூன் 24

ஆறு தொட்டியிலும் முட்டை. எல்லாம் என் கைராசி.

யூலை 1

சூடைத் தொட்டிகளில் குஞ்சுகள் எழும்பவில்லை. அடியில் கிடந்து வாலை மட்டும் ஆட்டுகின்றன. நூற்றுக்கு நாற்பது தேறினாலே பெரிய காரியம். புண்ணாக்குத் தொட்டிகளுக்கும் இவற்றுக்கும் வித்தியாசமே இல்லை.

பதினைந்து நாள்தானே?

யூலை 3, வியாழன்

தாட்சாயினி வந்தாள். பையைக்கூட இறக்காமல் தொட்டியடியில் குந்திக் குஞ்சுகளை எண்ணினாள். பிறகு கொப்பியைப் புரட்டினாள்.

"தீனில ஒரு நாளும் பிசகேல்லை, மாமா. அப்ப நோய்தான். சேரும் அதைத்தான் சொல்றார். நாளைக்கு அந்த மூண்டு சோடியையும் அழிச்சுப்போட்டு இந்த ஆய்வை விடப்போறன்."

கிணற்றுத் தண்ணீர் மாறியிருக்கும் என்று சொல்ல வாய் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

உள்ளதைச் சொன்னா என்ர மரியாதை என்னாகும்? ஊரெல்லாம் அவளின்ர ஆய்வை நான்தான் நடத்துறன் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். சொல்லாட்டி? — அவள் இன்னும் அந்தக் கொப்பியைத்தான் வைச்சுப் பாத்துக்கொண்டு இருக்கிறாள். தன்ர பிழை எங்கயெண்டு தேடுறாள். என்ர எழுத்தில தேடுறாள்.

யூலை 4, வெள்ளி

காலையில் கைவலையோடு தொட்டியடிக்கு வந்தாள். வலை தண்ணீரில் படமுன் சொல்லிவிட்டேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். வலையைக் கீழே வைத்தாள்.

"எந்த நாளில இருந்து எந்த நாள் மட்டும்? சரியாச் சொல்லுங்கோ."

சொன்னேன். சிவப்புப் பேனையைத் தந்து, ஒவ்வொரு நாளையும் வெட்டிப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன்.

"மீனுக்கு ஒண்டுமில்லை. இன்னும் ரெண்டு மாசம் முதலிலயிருந்து செய்யோணும்" என்றாள் தாட்சாயினி. பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "தீன் நான் வந்து போடுறன், மாமா. நீங்கள் வேண்டாம்."

மே 27 முதல் யூன் 10 வரை அந்தக் கொப்பியில் 'சூடை' என்று இருந்த பதினைந்தும் நான் இட்டுக்கட்டியவை. போட்டது புண்ணாக்கு.