கண்டதைச் சொன்னேன்

வரதராஜன்பேட்டை
13-3-1979

மலர்க்கொடி அப்பாவுக்கு அம்சவள்ளி எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் பிள்ளையும் நலம். பெங்களூரில் தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் தம்பி செல்லப்பனுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. வலது கையில் மூன்று விரல் மடங்கவில்லை. இடது கையால் சாப்பிடுகிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாகவும், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருந்தீர்கள். பிச்சைமுத்து இன்னும் முதல் பஸ்ஸில்தான் ஜெயங்கொண்டம் போகிறானா என்றும் கேட்டிருந்தீர்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை கொல்லர் பாவாடை வந்து, "அண்ணன் எழுதினபடி அருவா அடிச்சிட்டேன், பிடி மட்டும் போடணும், எப்ப வராரு?" என்றார். ஆட்டுக்குத் தழை அறுக்க வீட்டில் ஒன்று இருக்கிறதே. தாங்கள் கேட்டதெல்லாம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. பிடி போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

தாங்கள் என்னையும் சந்தேகப்படுகிறீர்கள். அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறீர்கள். பார்க்கவில்லை என்று நான் எழுதியது பொய். நம் ஆடு அவன் கொல்லையில் மேய்ந்ததற்காகப் பிச்சைமுத்து தங்கள் தம்பியை வெட்டியபோது கிணற்றடியில் நின்றிருந்தேன். அவன் என் சித்தப்பா மகன். எனக்கு அண்ணன் என்று இருப்பது அவன் ஒருவன்தான். போலீசாரிடமும் மறைத்தேன். சாட்சி இல்லாத வழக்கு நிற்காது என்று அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் காயீன் ஆபேல் கதையைச் சொன்னார். தம்பியைக் கொன்ற காயீனை ஆண்டவர் தண்டித்தார், ஆனால் வேறு யாரும் அவனைக் கொல்லக் கூடாது என்று அவன்மேல் அடையாளமும் போட்டார் என்றார். பழி வாங்குவது நம் வேலை இல்லை, அதே சமயம் கண்டதைச் சொல்லாமல் மறைப்பவனும் பாவத்தைச் சுமப்பான் என்றார். அப்போது என்னையே பார்த்த மாதிரி இருந்தது. அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை.

நேற்று ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏட்டு, "அண்ணன் மேலயா சொல்றீங்க? யோசிச்சுக்கங்க" என்று இரண்டு தடவை கேட்டார். யோசித்துத்தான் வந்தேன் என்றேன். இருபத்தொன்பதாம் தேதி அரியலூர் கோர்ட்டில் சாட்சிக் கூண்டேற வேண்டும். அதற்குள் விஷயம் பரவிவிட்டது. அம்மா வந்து, என் செத்த முகத்தில்கூட விழிக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் நடக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வர வேண்டாம். இருபத்தொன்பதாம் தேதி காலையில் நேரே அரியலூருக்கு வாருங்கள். என் பிறந்த வீட்டார் எல்லோரும் அவன் பக்கம் நிற்பார்கள். பொய் சொன்னவள் என்று என்னை எத்தனை நாள் வேண்டுமானாலும் வெறுத்துக்கொள்ளுங்கள். அன்று ஒருநாள் மட்டும் என் பக்கத்தில் வந்து நில்லுங்கள்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்சவள்ளி