நீ தேர்ந்தெடுத்த ஒன்பது மில்லிமீட்டர்

இன்று காலை சுடும் பயிற்சிக் கூடத்தின் கதவைத் திறந்ததும் வெடிமருந்து நெடி முகத்தில் அடித்தது. ஆண்டுதோறும் நமக்கு வைக்கும் தேர்வுக்காகப் போயிருந்தேன். நீ இறந்த பிறகு வந்த முதல் தேர்வு. பக்கத்துத் தடத்தில் யாரோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைகளின் வசூலை வங்கிக்குக் கொண்டுபோகும் வேலையில் நாம் ஒன்றாகச் சேர்ந்தோம். சீருடை கிடையாது. சாதாரண உடுப்பு, தோளில் பை, சட்டைக்குள் துப்பாக்கி. பார்ப்பவர்களுக்கு நாம் பிளாக்டவுன் கடைத்தெருவில் காய்கறி வாங்க வந்த இரண்டு தமிழ்ப் பெண்கள்.

எந்தக் கேலிபர், அதாவது எந்த அளவுக் குண்டு, என்று முடிவு செய்யவேண்டிய அன்று நான் முப்பத்தெட்டு ரிவால்வரை விடவில்லை. குண்டு சிக்காது, நம்பலாம் என்றேன். நீ இரண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டாய். அந்தச் சின்ன ரிவால்வர் உன் மெலிந்த மணிக்கட்டை உதறித் தள்ளியது. ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டலோ தட்டையாக இடுப்போடு ஒட்டியது. அடுத்த குண்டும் முதல் துளைக்கு அருகிலேயே விழுந்தது.

"முப்பத்தெட்டுதான் ஆளை நிறுத்தும்னு எல்லாரும் சொல்றாங்களே?" என்றேன்.

"பட வேண்டிய இடத்தில படாட்டி எல்லாக் குண்டும் ஒண்டுதான்" என்றாய்.

பிறகு பயிற்சியாளரிடம் கேட்டாய்: ஆளைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பவர்மேல் படுமா? உடலுக்குள் விரிந்து நின்றுவிடும் தோட்டாக்கள் உண்டு, ஆனாலும் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்றார் அவர். நீ பிஸ்டலைக் கீழே வைத்தாய்.

நாம் குடியிருந்த ஹோம்புஷுக்கு ரயிலில் திரும்பும்போதுதான் சொன்னாய். "அம்மாவில பட்ட குண்டு அவவுக்கு எண்டு சுட்டதில்லை. ரோட்டில ஆரையோ சுட்டவங்கள். அம்மா பின்னால நிண்டவ."

அந்தப் பிற்பகலும் கண்ணிலேயே நிற்கிறது. கடைத்தொகுதி வாசலில் ஒருவன் உன் கழுத்துக்கு நேரே கத்தியை நீட்டினான். நான் காரில் இருந்தேன். உன் கை சட்டைக்குள் போனதைப் பார்த்தேன். வெறுங்கையாக வெளியே வந்ததையும் பார்த்தேன். பையைக் கொடுத்தாய். அவன் உன் முன்கையைக் கீறிவிட்டு ஓடினான்.

"ஏன்டி எடுக்கலை? கொன்னிருப்பானே உன்னை!" என்று கத்தினேன்.

"அவனுக்குப் பின்னால தள்ளுவண்டிலுக்க ஒரு பிள்ளை."

அப்போதுதான் கவனித்தேன். குழந்தையின் தாய் எதுவும் தெரியாமல் தொலைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

விசாரணை முடிந்ததும், துப்பாக்கியை எடுக்கவில்லை என்று சொல்லி நிறுவனம் உன்னை ஆயுதப் பணியிலிருந்து நீக்கியது. நீ மெல்போர்ன் போய், ட்ருகனினாவில் ஒரு பண்டகசாலையில் சேர்ந்தாய். "வருத்தமா இருக்கா?" என்று போனில் கேட்டேன். "இல்லையடி. இப்ப நல்லா நித்திரை வருது" என்றாய். புற்றுநோய் வரும்வரை அந்த நித்திரையாவது உனக்குக் கிடைத்தது.

உன் இறுதிச் சடங்கில் உன் மகள் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் கேட்டாள், அம்மா எப்போதாவது யாரையாவது சுட்டிருக்கிறாரா என்று. அந்தப் பிற்பகலைச் சொன்னேன். அவளுக்கு அதுவரை தெரியாது. என் தோளில் சாய்ந்து அழுதாள்.

நானும் இப்போது ஒன்பது மில்லிமீட்டருக்கு மாறிவிட்டேன். யாராவது நெருங்கி வந்தால் அவர் கையைப் பார்க்கச் சொல்லித்தான் நமக்குப் பயிற்சி. கையைப் பார்க்கிறேன். உடனே என் கண் அவர் தோளைத் தாண்டி, பின்னால் யார் வருகிறார்கள் என்று தேடுகிறது.